டர்பன் கோடையில் புல் விதைத்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு முன்புறப் புல் டிசம்பரில், இங்கே கோடையில், திட்டுத் திட்டாகச் செத்துக் கிடந்தது. கோடையில் விதைக்காதே என்றார் அண்டை வீட்டு மாமா. குளிர்நாட்டுப் புல்லுக்கு அது சரி. இங்கே கோடைதான் மழைக்காலம். நான் விதைத்த கிக்கூயு என்ற புல்வகை சூடான மண்ணில்தான் நன்றாக முளைக்கும்.

இறுகிய மண்ணை தோட்டத்து முள்கரண்டியால் கிளறி, மட்கிய எருவோடு 2:3:2 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம்) கலந்தேன். அதில் மணிச்சத்து கூடுதல். இளம் வேருக்கு அதுதான் வேண்டும். விதை தூவி, மெல்லிய மண்ணால் மூடி, காலால் அமுக்கிவிட்டேன். முளைக்கும்வரை மேல்மண் காயவே கூடாது. காலையும் மாலையும் பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். குழாயைத் திறந்து பீய்ச்சினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும்.

மாமர நிழலில் கிக்கூயு நிற்காது. அங்கே எல்.எம். புல்லின் கொடிகளை வாங்கி நட்டேன். நிழலைத் தாங்கும் புல் அது.

புல்லை முதல் முறை வெட்டியபின்தான் லேன் (சுண்ணாம்பு அம்மோனியம் நைட்ரேட்) உரம். 28 சதவீதம் தழைச்சத்து, கடுமையானது. சதுர மீட்டருக்கு 30 கிராமுக்கு மேல் போடாதீர்கள். புல் உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே நன்றாக நீர் பாய்ச்ச வேண்டும். இலையில் தங்கினால் கருக்கிவிடும். தைப்பூசத்துக்கு உறவினர் வந்தபோது பிள்ளைகள் வெறுங்காலோடு அந்தப் புல்லில் ஓடினார்கள்.