சின்னக் குழந்தைங்க சொல்றதை ரிசர்ச்ல எப்படி கேக்கறது? முதல் தடவை பண்றவங்களுக்கான செய்முறை

என்னோட முதல் ஸ்டடியில நான் பண்ண தப்புல இருந்தே ஆரம்பிக்கறேன். நாலு வயசு குழந்தைங்க பன்னெண்டு பேர், ஒவ்வொருத்தரா தனி ரூமுக்கு கூட்டிட்டு போய் எதிர்ல உக்கார வெச்சு "உனக்கு இங்க பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டேன், பன்னெண்டு பேரும் "ம்"னு தலையாட்டினாங்க. அதுல ஒரு பொண்ணு தலையாட்டும்போதே கதவையே பாத்துட்டு இருந்தா. நான் பேப்பர்ல "ஆம்"னு டிக் போட்டுட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன்.

அவ எனக்கு பதில் சொன்னா, ஆனா அவ சொன்னதை நான் காது கொடுத்து கேக்கல. இந்த ரெண்டும் வேற வேறன்னு புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, அதனால தான் இதை எழுதறேன்.

முதல்ல இது எதுக்குன்னு சின்னதா சொல்லிடறேன். 1989ல வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 12வது பிரிவு, தன்னை பாதிக்கிற விஷயங்கள்ல கருத்து சொல்ற உரிமை குழந்தைக்கு உண்டு, அந்த கருத்துக்கு வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்த மதிப்பு தரணும்னு சொல்லுது. "வயசு"ன்னு ஒரு வார்த்தை இருக்கறதால, சின்னக் குழந்தைங்களுக்கு இது பொருந்தாதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டாங்க. 2005ல அதே உடன்படிக்கையோட குழு தன்னோட 7வது பொதுக் கருத்துரையில இதை தெளிவா எழுதிச்சு: இது சின்ன குழந்தை, பெரிய குழந்தை எல்லாருக்கும் தான், பேச்சு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே குழந்தைங்க தங்களோட விருப்பத்தையும் உணர்வையும் பல வழியில சொல்லிட்டு தான் இருக்காங்கன்னு.

படி 1: கேள்வியை சரி பாருங்க

குழந்தையால மட்டும் தான் சொல்ல முடியும்ங்கற விஷயத்தை எடுங்க. எத்தனை மணி நேரம் விளையாட விடறாங்கன்னு டீச்சரே சொல்லிடுவாங்க, டைம்டேபிளும் சொல்லும். ஆனா எந்த மூலையில ஒளிஞ்சா நிம்மதியா இருக்கு, யார் பக்கத்துல தூங்க பிடிக்கல, சத்தம் அதிகமானா எங்க போறாங்க, இதெல்லாம் அவங்களுக்கு மட்டும் தான் தெரியும்.

படி 2: சம்மதம் வாங்கறது (இதை அவசரமா முடிச்சிடாதீங்க)

அப்பா அம்மா ஃபார்ம்ல கையெழுத்து போட்டா அது கதவை திறக்கறது மட்டும் தான், உள்ள வரலாமான்னு குழந்தைகிட்ட தனியா கேக்கணும். "நான் குழந்தைங்க எப்படி விளையாடறாங்கன்னு தெரிஞ்சிக்க வந்திருக்கேன், நீ சொல்றதை இந்த நோட்டுல எழுதுவேன், வேணாம்னா சொல்லு, நிறுத்திடுவேன், நான் கோச்சுக்க மாட்டேன்" இந்த அளவு போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுடாதீங்க, பெரியவங்க கோச்சுக்குவாங்கங்கற பயத்துல தான் பாதி குழந்தைங்க சரின்னு சொல்லுது.

அந்த சம்மதம் ஒரு தடவை வாங்கி பைல்ல வெக்கற விஷயமும் இல்ல. நேத்து சரின்னு சொன்ன குழந்தைக்கு இன்னிக்கு மூட் இல்லாம இருக்கலாம், அதனால ஒவ்வொரு நாளும் கேளுங்க, வாயால சொல்லலன்னாலும் உடம்பை பாருங்க. முகத்தை திருப்பிக்கறது, டீச்சர் பின்னாடி போய் நிக்கறது, "பாத்ரூம் போகணும்"னு மூணு தடவை சொல்றது, எல்லாமே "வேணாம்" தான். நான் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சைன்னு ஒரு அட்டை செஞ்சு குழந்தை கையிலயே கொடுத்துடுவேன். ஒரு பையன் சும்மா டெஸ்ட் பண்றதுக்காகவே அஞ்சு தடவை சிவப்பை காட்டினான், அஞ்சு தடவையும் நான் பேனாவை மூடி வெச்சேன், அதுக்கப்புறம் தான் அவன் வந்து பக்கத்துல உக்காந்தான்.

ரிப்போர்ட்ல வெக்கப் போற மாத்துப் பேரை அவங்களையே சொல்ல சொல்லுங்க. ஒரு பொண்ணு "புலி"ன்னு சொல்லிட்டா, அப்படியே தான் எழுதினேன்.

இன்னொன்னு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. அடி வாங்கறதையோ பயமுறுத்தலையோ ஒரு குழந்தை சொன்னா நீங்க யாருக்கு சொல்லணும்ங்கறதை முதல் நாளுக்கு முன்னாடியே பொறுப்புல இருக்கறவங்ககிட்ட பேசி எழுதி வெச்சிக்கோங்க.

படி 3: ஒரு வாரம் எதையும் கேக்காதீங்க

போய் தரையில உக்காருங்க, கூப்பிட்டா விளையாடுங்க, யாரையும் திட்டாதீங்க, சண்டைக்கு தீர்ப்பு சொல்லாதீங்க. நான்சி மாண்டெல்ங்கற சமூகவியலாளர் 1988ல இதுக்கு ஒரு பேர் கொடுத்தாங்க, முடிஞ்ச அளவு பெரியவங்களா இல்லாத பங்குன்னு. உங்க உயரத்தை மறைக்க முடியாது, ஆனா அதிகாரத்தை கீழ வெக்கலாம். வில்லியம் கோர்சாரோன்னு ஒரு சமூகவியலாளர் மழலையர் பள்ளியில இப்படியே உக்காந்து உக்காந்து கடைசியில குழந்தைங்க அவருக்கு "பிக் பில்"னு பேர் வெச்சிட்டாங்க, ஆள் பெருசு தான், ஆனா நம்ம ஆளுங்கற மாதிரி.

படி 4: வாயை மட்டும் நம்பாதீங்க

எனக்கு ரொம்ப பிடிச்ச படி இது. அலிசன் கிளார்க், பீட்டர் மோஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2001ல மொசைக் முறைன்னு ஒன்னை கொண்டு வந்தாங்க. மூணு நாலு வயசு குழந்தைங்க கையில கேமரா கொடுத்து முக்கியமான இடங்களை போட்டோ எடுக்க சொல்றது, "எனக்கு சுத்தி காட்டு"ன்னு அவங்க பின்னாடியே நடக்கறது, அந்த போட்டோவையும் படங்களையும் ஒட்டி சேர்ந்து மேப் பண்றது, கூடவே நாம கவனிச்சது, பெத்தவங்க சொன்னது, டீச்சர் சொன்னது. ஒவ்வொன்னும் ஒரு சில்லு மாதிரி, எல்லாம் சேர்ந்தா தான் படம் தெரியும்.

கேமரா கொடுத்தா நிறைய போட்டோ மங்கலா, சாஞ்சு, யாரோட முழங்காலோ மட்டும் தெரியற மாதிரி வரும், எதையும் அழிச்சிடாதீங்க. ஒரு பையன் எடுத்ததுல பதினோரு போட்டோ ஒரே குழாய். தப்பா பட்டனை அமுக்கிட்டான்னு தான் நான் நினைச்சேன். ப்ரிண்ட் போட்டு அவன் முன்னாடி பரப்பி "இதை பத்தி சொல்லேன்"னு கேட்டப்ப, அவன் குழாய் மேல விரல் வெச்சு "அம்மா போனதும் இங்க வருவேன், தண்ணி சத்தம் போடும், அப்ப நான் அழறது கேக்காது"ன்னு சொன்னான். அந்த குழாயை பத்தி கேள்வி போடணும்னு எனக்கு எந்த காலத்துலயும் தோணியிருக்காது.

படம் வரையும்போது ஒரு விஷயம்: முடிஞ்ச படத்தை விட வரைஞ்சிட்டு இருக்கும்போது அவங்க முணுமுணுக்கறது தான் முக்கியம், அதனால பக்கத்துலயே இருங்க. படத்தை பாத்து நீங்களா அர்த்தம் சொல்லாதீங்க, கருப்பு கலர் போட்டா சோகம்னு எழுதறவங்களை பாத்திருக்கேன், அந்த நேரத்துல பக்கத்துல இருந்தது கருப்பு க்ரேயான் மட்டுமா கூட இருக்கலாம்.

படி 5: கேக்கும்போது

1980ல மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் க்ரீவ்னு ரெண்டு உளவியலாளர்கள் அஞ்சு, ஏழு வயசு குழந்தைங்ககிட்ட அர்த்தமே இல்லாத கேள்வி கேட்டாங்க, பால் தண்ணியை விட பெருசா, சிவப்பு மஞ்சளை விட கனமான்னு. அனேகமா எல்லா குழந்தைங்களும் பதில் சொன்னாங்க, காரணம் கூட சொன்னாங்க. பெரியவங்க கேட்டா அதுல அர்த்தம் இருக்கும்னு குழந்தை நம்புது, அந்த நம்பிக்கையில அர்த்தத்தை தானே உண்டாக்கி கொடுக்குது. நம்ம கேள்வி மோசமா இருந்தாலும் டேட்டா வந்துடும், ஆபத்தே அது தான்.

அதே மாதிரி, ஒரே கேள்வியை ரெண்டாவது தடவை கேக்காதீங்க. குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ஞ்ச பியாஜேயோட வரிசை சோதனை ஒன்னு இருக்கு: ரெண்டு வரிசையில பொருளை சமமா அடுக்கி, அப்புறம் ஒரு வரிசையை நகத்தி வெச்சு, ரெண்டுலயும் ஒரே எண்ணிக்கை தானான்னு கேக்கறது. 1974ல சூசன் ரோஸ், மரியன் பிளாங்க்னு ரெண்டு உளவியலாளர்கள் அதை மாத்தி பண்ணாங்க: வரிசையை நகத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவைன்னு கேக்காம பின்னாடி மட்டும் கேட்டாங்க, தப்பு குறைஞ்சுது. திரும்ப கேட்டா "முதல்ல சொன்னது தப்பு போல"ன்னு குழந்தை மாத்திடும். சரியா காதுல விழலன்னா "எனக்கு சரியா கேக்கல, தப்பு என் மேல தான்"னு சொல்லிட்டு கேளுங்க.

"பிடிச்சிருக்கா, இல்லையா"ன்னு கேக்கறதுக்கு பதிலா "அங்க போனா என்ன பண்ணுவே?"ன்னு கேளுங்க. "ஏன்"னு ஆரம்பிச்சா பல குழந்தைங்களுக்கு திட்டறதுக்கு முன்னாடி வர்ற கேள்வி மாதிரி கேக்கும். ரெண்டு மூணு பேரா சேர்த்து உக்கார வைங்க, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் மறுக்கும்போது தான் நல்ல பேச்சு வரும். கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, ஆறு ஏழுலயே உங்களுக்கு கஷ்டமா இருக்கும், பரவாயில்ல, எண்ணுங்க.

படி 6: எழுதி வெக்கறது

அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க, இலக்கணத்தை திருத்தாதீங்க. வலது பக்கம் தனியா கொஞ்சம் இடம் விட்டு, கை எங்க இருந்துச்சு, யாரை பாத்தாங்க, எவ்ளோ நேரம் பேசாம இருந்தாங்கன்னு குறிச்சிக்கோங்க. ஆரம்பத்துல சொன்னேனே, அந்த பொண்ணு கதவை பாத்தது இந்த இடத்துல வந்திருக்கணும். ரெக்கார்டர் வெக்கறதுன்னா முதல்ல அவங்க குரலை அவங்களுக்கே போட்டு காட்டிடுங்க, அப்புறம் அதை மறந்துடுவாங்க.

படி 7: திரும்ப அவங்ககிட்ட போங்க

குழந்தைகள் உரிமை பத்தி ஆராய்ச்சி பண்ற லாரா லண்டி 2007ல எழுதினதை நான் நோட்டோட முதல் பக்கத்துல வெச்சிருக்கேன்: குரல் மட்டும் போதாது, பேச பத்திரமான இடம், கேக்கறதுக்கு பொறுப்புள்ள ஆள், சொன்னதால ஏதாவது மாறறது, இந்த மூணும் கூட வேணும். அதனால நீங்க புரிஞ்சிக்கிட்டதை போட்டோவோட குழந்தைங்களுக்கு காட்டி "நான் இப்படி நினைச்சேன், சரியா?"ன்னு கேளுங்க, "இல்ல"ன்னு சொன்னா அதையும் ரிப்போர்ட்ல எழுதுங்க. எதை மாத்த முடிஞ்சுது, எதை முடியல, ஏன் முடியலன்னு அவங்களுக்கு புரியற மாதிரி சொல்லிட்டு வாங்க.

குழாய் பையன் விஷயத்துல, அவன்கிட்ட கேட்டுட்டு தான் டீச்சர்கிட்ட சொன்னேன். அவங்க குழாய் பக்கத்துல ஒரு சின்ன ஸ்டூல் போட்டாங்க, காலையில குழாயை மூட சொல்லி யாரும் அவனை விரட்டறதில்ல. அடுத்த தடவை நான் போனப்ப என் கையை பிடிச்சு கூட்டிட்டு போய் ஸ்டூலை காட்டினான். இன்னொரு பொண்ணுக்கும் அதுல பாதி இடம் கொடுத்திருந்தான்.