லால்பாக் ஏரியில் ஊதாப் பட்டை: என் அனுபவம்

பெங்களூர் லால்பாக் ஏரிக்கரை ஞாயிறு காலையில் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்காது. ஆளில்லாத ஏரி வேண்டுமென்று பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் மாட்டினேன்; லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி அது. 1/30 நொடியில் எடுக்க வேண்டிய படம் 30 நொடிக்கு நீளும், நடப்பவர்கள் பதியமாட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர் மட்டும் அப்படியே இருப்பார், அவர் எழும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆட்கள் மறைந்தார்கள். ஆனால் தண்ணீர்மேல் வெளிறிய ஊதாப் பட்டை ஒன்று விழுந்தது. மலிவு ஃபில்டர்தான் காரணமென்று நண்பரிடம் வேறு வாங்கினேன், பட்டை போகவில்லை. லென்ஸ் துடைத்தேன். சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுத்ததில் மூன்று நாள் போனது. அப்படியேதான் இருந்தது.

பழைய படங்களைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது: மாலையில் எடுத்தவற்றில் பட்டையே இல்லை. காலையில் வெயில் என் முதுகுப்பக்கம்!

வீட்டில் லென்ஸ் மூடியைப் போட்டே 30 நொடி திறந்து, கேமராவின் பின்னால் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் டார்ச் அடித்தேன். முழுக்கருப்பாக வரவேண்டிய படத்தில் அதே பட்டை. என்னுடையது போன்ற டி.எஸ்.எல்.ஆர். கேமராவில், படம் எடுக்கும்போது உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே போனாலும் கண் வைக்கும் துளை வழியாக வெளிச்சம் கசிகிறது.

தீர்வு கேமரா வாரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கென்று தெரியாமல் மூன்று வருடம் சுமந்த அந்தச் சின்ன ரப்பர், வ்யூஃபைண்டர் மூடியாம். ஃபோகஸ் செய்து, ஃபில்டர் மாட்டி, அதைப் போட்டேன். பட்டை போயிற்று. ரப்பர் இல்லாதவர்களுக்குக் கறுப்பு டேப் போதும்.