சமதரை ஏன் சரிகிறது? ஒரு ட்ரே, கொஞ்சம் மணல் போதும்

நிலச்சரிவு என்றால் செங்குத்தான மலைதான் நினைவுக்கு வரும். ஆனால் 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் பாலுவில் 7.5 அளவு நிலநடுக்கம் வந்தபோது, பார்வைக்குச் சமதரையாகத் தெரிந்த இடங்கள் வீடு, வயலோடு பல நூறு மீட்டர் ஓடின. சாய்வு ஓரிரு டிகிரிதான். காரணத்தைப் படிப்பதைவிடச் செய்து பார்த்தால் நன்றாகப் புரியும். காவேரிப்பட்டணத்தில் எங்கள் பின்கட்டில் பிள்ளைகளோடு செய்த முறை இது.

முதலில், ஒரு படியில் கேழ்வரகைத் தளர்வாகக் கொட்டிக் குலுக்குங்கள். விரலளவு இறங்கும். குலுங்கினால் மணிகள் நெருங்கப் பார்க்கும்; மணலும் அப்படித்தான். இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தால்? உடனே வெளியேற வழியில்லாமல் தண்ணீர் மணலைத் தாங்க ஆரம்பிக்கும். மணல் கூழாகிவிடும்.

இப்போது 60 செ.மீ. நீளமுள்ள ட்ரேயைச் சமமாக வைத்துத் தண்ணீர் ஊற்றி, சலித்த மணலை அதில் தூவுங்கள், நான்கு விரல் கனத்துக்கு. தண்ணீர் மணலின் மேல்மட்டத்தோடு நிற்கட்டும். மணலை அமுக்கவே கூடாது. முதல் முறை நான் தட்டிச் சமன் செய்தேன், மணல் இறுகி ஒன்றுமே நடக்கவில்லை.

அதன்மேல் ஏரி வண்டலை தோசை மாவுப் பதத்தில் கரைத்து மெல்லப் பரப்புங்கள். இதுதான் மூடி. குறுக்கே ஒரு வரிசை புளியங்கொட்டை வையுங்கள். ஒரு முனைக்கு அடியில் 2 செ.மீ. கட்டையைச் செருகினால் சாய்வு ஏறக்குறைய 2 டிகிரி. கொஞ்ச நேரம் பாருங்கள், ஒன்றும் நகராது. சாய்வு மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகு ட்ரேயின் பக்கவாட்டில் மரக்கட்டையால் படபடவென்று தட்டுங்கள். எங்கள் கொட்டை வரிசை வில்லாக வளைந்து தாழ்ந்த பக்கம் போனது. தட்டுவதை நிறுத்திய பிறகும் சற்று நகர்ந்தது! மணலிலிருந்து மேலேறிய தண்ணீர் வண்டலைத் தாண்ட முடியாமல் அடியில் படலமாகத் தேங்க, மேல்மண் அதன்மீது வழுக்கியது.

பாலு பள்ளத்தாக்கிலும் ஆறு கொண்டுவந்த மணலும் வண்டலும் இப்படி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பெட்டோபோ, ஜோனோ ஓகே பகுதிகளில் சரிவு தொடங்கிய மேல்முனை பாசனக் கால்வாயை ஒட்டியே இருந்தது. கால்வாயும் நெல் வயலும் நிலத்தடி நீரை மேலே ஏற்றி வைத்திருந்தன. நம் கிருஷ்ணகிரி அணைக் கால்வாய் வயல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஈரம் தெரியும். இங்கே அடியில் பாறை என்பது பெரிய வித்தியாசம்.

இன்னொரு முறை செய்யும்போது வண்டலில் ஈர்க்குச்சியால் நெருக்கமாகத் துளையிட்டுத் தட்டுங்கள். துளை வழியே தண்ணீர் குமிழியிட்டு வரும், கொட்டைகள் எவ்வளவு தூரம் போகின்றன என்று முந்தையதோடு அளந்து பாருங்கள்.