சேலம் தட்டுவடை செட் வீட்டுலயே போடுறது எப்படி (நமுத்துப் போகாம)

மூணு தடவை சொதப்பிட்டு நாலாவது தடவைதான் எனக்கு இது ஒழுங்கா வந்துச்சு. மூணு தடவையும் ருசியில ஒரு குறையும் இல்ல, வாயில போட்டா மொறுமொறுன்னு இருக்க வேண்டியது ஊறின பிஸ்கட் மாதிரி சவசவன்னு இருந்துச்சு, அதான் பிரச்சனை. சட்னி ரெசிப்பி ஆயிரம் கிடைக்குது, இந்த நமுத்துப்போற விஷயத்தை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, அதனால அதைத்தான் இங்க ரொம்ப நேரம் பேசப்போறேன்.

சேலத்துக்காரங்க இந்தப் பாராவைத் தாண்டிப் போயிடுங்க. மத்தவங்களுக்கு: ரொட்டிக்குப் பதிலா தட்டுவடை வச்ச சாண்ட்விச்தான் செட். நீங்க தட்டைன்னு சொல்றதைத்தான் நாங்க தட்டுவடைன்னு சொல்றோம். கீழ ஒண்ணு, நடுவுல சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவின பீட்ரூட் கேரட், பொடி வெங்காயம், மேல இன்னொண்ணு மூடி. முழுசா ஒரே வாயில தள்ளணும், நாசூக்கா கடிச்சு சாப்பிடலாம்னு பார்த்தா பாதி சட்டையில இருக்கும், பீட்ரூட் கறை வேற.

அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை பக்கம் சாயங்காலம் போனீங்கன்னா தள்ளுவண்டியைச் சுத்தி நாலு பேர் நின்னுட்டு இருப்பாங்க. வண்டிக்கார அண்ணன் தட்டுல தட்டுவடைய சீட்டு பரப்புற மாதிரி வரிசையா வைப்பாரு, ஒரு ஸ்பூன் சிவப்பு, ஒரு ஸ்பூன் பச்சை, ஒரு கை துருவல், டக் டக்னு மூடி, எலுமிச்சை பிழிஞ்சு நம்ம கையில குடுத்துடுவாரு. மொத்தமே ஒரு நிமிஷம் ஆகாது. நான் பல வருஷம் சாப்பிட்டிருக்கேன், ஆனா அந்த வேகம்தான் ரெசிப்பியோட முக்கியமான பகுதின்னு அப்பல்லாம் தோணல.

இது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா ஊர்ல ஆளாளுக்கு ஒரு கதை, ஒவ்வொரு தெருவுலயும் எங்க தாத்தா காலத்து வண்டின்னு சொல்ல ஒருத்தர் இருப்பாரு. நான் கதையை விட்டுட்டு தட்டுல இருக்கறதைத்தான் பார்க்கறேன். தட்டுவடை நம்ம பழைய பலகாரம், கிருஷ்ண ஜெயந்திக்கு வீட்ல சுடறதுதான், இதையே ஆந்திரால செக்கலுங்கறாங்க, கர்நாடகால நிப்பட்டுங்கறாங்க. மிளகாய் போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்தது. கேரட், பீட்ரூட் வகையறாவை இங்கிலீஷ் காய்கறின்னே சொல்லுவாங்க, கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1820கள்ல நீலகிரியில இந்த மாதிரி காய்கறிகளைப் பயிர் பண்ணவச்சதுக்கப்புறம்தான் அதெல்லாம் மலையை விட்டு கீழ இறங்குச்சு. அதனால செட்டு ஆயிரம் வருஷத்துப் பாரம்பரிய உணவுன்னு யாராவது ஃபார்வர்டு அனுப்புனா சிரிச்சுட்டு விட்டுடுங்க. இது தெருவுல பொறந்த, டவுன்காரங்களோட சாயங்காலப் பசிக்கான தீனி. நான் மேல சொன்ன ஏரியா எல்லாம் தறி ஓடுற ஏரியா, நெசவாளர் குடும்பம் நிறைய, நாள் முழுக்க தறியில உக்காந்தவங்க சாயங்காலம் வெளிய வந்தா காரமா, சீக்கிரம் கைக்கு வர்ற ஒண்ணுதான் வேணும், அந்த இடத்துக்கு இது கச்சிதமா பொருந்துதுங்கறது என் அபிப்பிராயம். பெங்களூர்ல நிப்பட்டு மசாலா இருக்கு, சென்னை சௌகார்பேட்டையில முறுக்கு சாண்ட்விச் இருக்கு, ரெண்டும் சாப்பிட்டிருக்கேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா செட்டோட காரம் அதுல இல்ல. (ஊர்ப் பாசம்னு சொல்லிக்கோங்க.)

சரி, வேலைக்கு வருவோம்.

தட்டுவடை மாவு

பச்சரிசி மாவு 2 கப், பொட்டுக்கடலைய பொடிச்ச மாவு கால் கப், வறுத்து அரைச்ச உளுத்தம் மாவு 2 டேபிள்ஸ்பூன், உருகாத வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், பெருங்காயம், உப்பு, கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை, அரைமணி நேரம் ஊறவச்சு வடிச்ச கடலைப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன். மாவு எல்லாத்தையும் சலிச்சுடுங்க. வெண்ணெயை முதல்ல மாவுல பிசறி, கையில பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், விட்டா உதிரணும், அதுக்கப்புறம்தான் தண்ணி. தண்ணியை தெளிச்சு தெளிச்சு பிசையணும், சப்பாத்தி மாவை விட கொஞ்சம் இறுக்கமா.

செட்டுக்கு தட்டுவடை சின்னதா இருக்கணும், ரெண்டு இஞ்ச் போதும். கோலிக்குண்டு சைஸ் உருண்டை எடுங்க, இந்த அளவு மாவுக்கு 60, 70 வரும். தட்டறதுக்கு என்கிட்ட பூரி பிரஸ் இருக்கு, ஆனா எனக்கு அது பிடிக்கறதில்ல, ஓரம் மெலிசாவும் நடு தடியாவும் வருது. பழைய வேட்டித்துணியை விரிச்சு அதுமேல உருண்டைய வச்சு, அடிப்பக்கம் தட்டையா இருக்கற டம்ளர்ல எண்ணெய் தடவி ஒரு அமுக்கு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் ஷீட்ல தட்டினா சுலபம்தான், ஆனா துணி மேல போட்டா மாவுல இருக்கற மிச்ச ஈரத்தை துணி இழுத்துக்கும், அந்த வித்தியாசம் பொரிச்சப்புறம் தெரியும். எல்லாத்தையும் முள் கரண்டியால குத்துங்க, இல்லேன்னா பூரி மாதிரி உப்பிடும், உப்பினதுமேல சட்னி நிக்காது.

எண்ணெய் நல்லா காஞ்சதும் அடுப்பை மிதமா வச்சுட்டு போடுங்க. எப்ப எடுக்கணுங்கறதுக்கு கலரைப் பார்க்காதீங்க, சத்தத்தைக் கேளுங்க. போட்ட உடனே சலசலன்னு நுரைக்கும், அந்தச் சத்தம் மாவுல இருக்கற தண்ணி ஆவியாகற சத்தம். அது முழுசா அடங்கணும். நான் முதல் தடவை பொன்னிறம் வந்துடுச்சேன்னு நுரை இருக்கும்போதே எடுத்துட்டேன், ஆறினதும் நடுவுல மெத்துன்னு ஆயிடுச்சு. ஏர்ஃப்ரையர்ல பண்ணலாமான்னு கேக்காதீங்க, பண்ணிப் பார்த்துட்டேன், அட்டை.

சுட்டதை நல்லா ஆறவச்சு டப்பாவுல போட்டு மூடிட்டா ரெண்டு வாரம் தாங்கும். நான் முந்தின நாளே சுட்டு வச்சுடுவேன்.

சட்னி ரெண்டும்

சிவப்பு: குண்டு மிளகாய் 6, காஷ்மீரி மிளகாய் 4, வெந்நீர்ல ஊறவச்சு நல்லா வடிச்சுட்டு, பூண்டு 6 பல், கொட்டைப்பாக்கு அளவுல பாதி புளி, உப்பு சேர்த்து அரைச்சு, நல்லெண்ணெயில சுருள வதக்கி எடுத்துடுங்க. வதக்கறதுல ரெண்டு லாபம், பச்சைப்பூண்டு வாடை போகும், தண்ணியும் வத்தும். தக்காளி சேர்க்காதீங்க. நான் ரெண்டாவது தடவை பச்சைத் தக்காளிச் சாறு விட்டு அரைச்சு மொத்தத்தையும் குழம்பாக்கிட்டேன்.

பச்சை: மல்லி ஒரு கட்டு, புதினா அதுல பாதி, பச்சை மிளகாய் 3, துளி இஞ்சி, உப்பு, எலுமிச்சைச் சாறு, பொட்டுக்கடலை 1 டேபிள்ஸ்பூன். தழையைக் கழுவி துணியில விரிச்சு ஈரம் போக விட்டுட்டு அரைங்க, ஒரு சொட்டு தண்ணி கூட விடாதீங்க. மிக்சி சுத்த மாட்டேங்குதுன்னா எலுமிச்சைச் சாறை இப்பவே ஊத்துங்க, நடுநடுவுல நிறுத்தி வழிச்சு விடுங்க. இதுக்கு சின்ன ஜார்தான் சரி. பொட்டுக்கடலை ருசிக்காக இல்ல, தழையிலிருந்து வர்ற தண்ணியைக் குடிக்கறதுக்கு. ஸ்பூன்ல எடுத்துக் கவுத்தா உடனே விழக்கூடாது, அதான் பதம்.

காய், என் காலை வாரினது இதுதான்

மூணாவது தடவை தட்டுவடை சூப்பர், சட்னி ரெண்டும் கெட்டி, எல்லாம் சரியா இருந்தும் நமுத்துப் போச்சு. பீட்ரூட்டையும் கேரட்டையும் துருவி, வெங்காயம் போட்டு, ருசியா இருக்கட்டுமேன்னு உப்பும் எலுமிச்சையும் சேர்த்து பிசறி ஒரு கிண்ணத்துல வச்சுட்டு, விருந்தாளிங்க வர்ற வரைக்கும் கால்மணி நேரம் காத்திருந்தேன். அவங்க வந்தப்ப கிண்ணத்தைச் சாய்ச்சுப் பார்த்தா அடியில அரை டம்ளர் சிவப்புத் தண்ணி. உப்பு பட்டா காய் தண்ணி விடும், ஊறுகாய் போடற வீட்டுல பொறந்தவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும், தோணவே இல்ல.

அதனால இப்படிப் பண்ணுங்க. துருவியில சின்ன ஓட்டை பக்கத்துல துருவுங்க, மிக்சில சாப்பர் போட்டு அடிக்காதீங்க, கூழாகி இன்னும் தண்ணி விடும். பீட்ரூட்டை தனியா மெல்லிசு துணியில கட்டி நல்லா பிழிங்க, சாறை சப்பாத்தி மாவுல ஊத்திக்கலாம். கேரட்டுக்கு லேசா பிழிஞ்சா போதும். ரெண்டையும் தட்டுல பரப்பி ஃபேனுக்கு அடியில பத்து நிமிஷம். வெங்காயத்தை கடைசியா நறுக்குங்க. உப்பு காய்ல கிடையவே கிடையாது, சட்னில இருக்கற உப்பே தாராளம். எலுமிச்சை சாப்பிடற நேரத்துல மேலாக.

செட்டு போடறது

முதல்ல சிவப்புச் சட்னி தடவுங்க, பச்சை அதுக்கு மேல. சிவப்புல எண்ணெய் இருக்கறதால ஈரம் தட்டுவடைக்குள்ள போறதை கொஞ்சம் தடுக்கும். அப்புறம் துருவல், வெங்காயம், மல்லி, மூடி, ஒரு சொட்டு எலுமிச்சை. மாங்கா சீசன்ல கிளிமூக்கு மாங்காயை சீவிப் போட்டா எலுமிச்சையே வேண்டாம்.

பத்து பேருக்கு மொத்தமா போட்டு ட்ரேல அடுக்கி ஃபோட்டோ எடுத்துட்டு பரிமாறலாம்னு நினைக்காதீங்க. ரெண்டு மூணு நிமிஷம்தான் இதோட ஆயுசு. எல்லாரையும் அடுக்களைக்கே கூப்பிட்டு நிக்கவச்சு, ஒவ்வொருத்தர் தட்டுலயும் நாலு செட் போட்டு குடுங்க, வண்டிக்கார அண்ணன் மாதிரியே.

அப்புறம் சேர்த்தது

இதைப் பார்த்து செஞ்சவங்க சில பேர் எண்ணெயில போட்டதும் தட்டுவடை பிரிஞ்சு கரைஞ்சு போகுதுன்னு சொன்னாங்க. வெண்ணெய் அதிகமாயிடுச்சு, ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்து பிசைஞ்சா சரியாகும். ஒருத்தருக்கு கல்லு மாதிரி வந்துச்சாம், அது நேர் எதிர், வெண்ணெய் பத்தல. கடையில வாங்கின வறுத்த இடியாப்ப மாவு யூஸ் பண்ணலாமான்னா பண்ணலாம், தண்ணி மட்டும் கூட இழுக்கும்.

தட்டுவடைய கடையிலயே வாங்கிக்கலாமான்னு நிறைய பேர் கேட்டாங்க. தாராளமா. ஆனா உள்ளங்கை அகலத்துல வேர்க்கடலை துருத்திக்கிட்டு இருக்கறது வேண்டாம், மூடி உக்காராது. சின்னதா, மெலிசா, சமமா இருக்கறதா பார்த்து வாங்கி, ரெண்டு நிமிஷம் வெறும் சட்டியில சூடு காட்டி ஆறவச்சுட்டு போடுங்க.

தட்டும்போதும் பொரிக்கும்போதும் உடைஞ்சதை தூக்கிப் போட்டுடாதீங்க. எங்க ஊர்ல அதுக்கும் ஒரு பேர் இருக்கு, நொறுக்கல். உடைஞ்சதை கையாலயே இன்னும் நொறுக்கி, மிச்சமிருக்கற துருவல், வெங்காயம், ரெண்டு சட்னியும் போட்டு ஒரு கிளறு, வேக வச்ச முட்டையை மேல உதிர்த்து விட்டா முட்டை நொறுக்கல். எங்க வீட்ல இப்ப நல்ல தட்டுவடையையே வேணும்னு உடைச்சுட்டு நிக்கறாங்க.