பி.காம்., எல்எல்.பி. சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கம்பம், குமுளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. கம்பத்தில் என் அலுவலகத்துக்குக் கட்சிக்காரர்கள் குறைந்து, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் அப்பாக்கள் வர ஆரம்பிப்பார்கள். ஏலக்காய்க் கடைக்காரர், குமுளிக்கு ஜீப் ஓட்டுபவர், வண்டன்மேட்டில் எஸ்டேட் வேலை பார்ப்பவர் என்று யார் வந்தாலும் கேள்வி ஒன்றுதான். "வக்கீல் தம்பி, பி.காமும் லாவும் சேர்ந்து ஒரே படிப்பா இருக்காமே? ஒன்னு சரிவரலைன்னாலும் இன்னொன்னு கையில இருக்கும்ல?"

இருக்காது. நம் பக்கத்தில் அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான். இந்த ஐந்தாண்டுப் படிப்பில் மூன்று வருடம் படித்துவிட்டு, சட்டம் பிடிக்கவில்லை, பி.காம். பட்டத்தை மட்டும் கொடுங்கள் என்று கேட்க முடியாது. வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் அப்படிப் பாதியில் பிரித்துக் கொடுப்பதைத் தடை செய்கின்றன. ஏற்கெனவே பி.காம். முடித்தவர் நேராக நான்காம் ஆண்டில் போய் உட்காரவும் முடியாது. அவருக்கென்று மூன்றாண்டு எல்எல்.பி. தனியாக இருக்கிறது. ஆக ஐந்து வருடத்தையும் முடித்தால் இரண்டும் கிடைக்கும், முடிக்காவிட்டால் எதுவும் கிடைக்காது.

அதனால் சட்டத்தில் மனம் நிற்குமா என்று சந்தேகம் இருக்கிற பிள்ளைக்கு நான் சொல்வது வேறு வழி. உத்தமபாளையத்திலோ கட்டப்பனையிலோ வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று வருடம் பி.காம். படி, அதற்கப்புறமும் ஆசை இருந்தால் மூன்றாண்டு எல்எல்.பி. போ. மொத்தம் ஆறு வருடம். ஐந்தாண்டுப் படிப்பால் மிச்சமாவது ஒரே ஒரு வருடம்தான். அந்த ஒரு வருடத்துக்காகப் பதினேழு வயதில் அவசரப்பட வேண்டுமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்து விண்ணப்பம். தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழி வேறு என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து. நுழைவுத் தேர்வு கிடையாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் சென்னை சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.காம். கூட்டு, அதாவது பி.காமும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு, உண்டு. தேனியிலும் மதுரையிலும் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்பு பி.ஏ. கூட்டு. திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலும் பி.காம். கூட்டு இருக்கிறது, ஆனால் அதற்கு கிளாட் என்ற அகில இந்தியச் சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது பெரும்பாலும் டிசம்பரிலேயே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு கிளாட் பற்றி விசாரிக்க வருபவரை நான் வருடா வருடம் பார்க்கிறேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. கேரளத்தில் நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் தேர்வு தனி. அங்கேயும் எல்லாக் கல்லூரியிலும் பி.காம். கூட்டு இருக்காது. கல்லூரிக்குப் பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. பி.காம். கூட்டுக்கு, இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாதிச் சான்றிதழும் இதே மாதிரிதான். அம்மா கூடலூர், அப்பா வண்டிப்பெரியாறு, பிள்ளை படித்தது குமுளியில் என்றால், எந்த மாநிலத்தில் எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதைப் பிளஸ் ஒன்னிலேயே பார்த்துவிட வேண்டும். ஒரு மாநிலத்தின் இடஒதுக்கீட்டுப் பட்டியல் அடுத்த மாநிலத்துக்குப் பொருந்தாது. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் இதுதான் நிலை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த குடும்பம் என்றாலும், பிள்ளை கேரளத்தில் படித்திருந்தால் தமிழ்நாட்டுச் சேர்க்கைக்குப் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். தாலுகா ஆபீஸ் வரிசை ஜூன் மாதம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, சேர்ந்தாகிவிட்டது. முதல் செமஸ்டரில் இரண்டு வகைப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். சயின்ஸ் குரூப்பிலிருந்து வந்தவர்களுக்குக் கணக்குப்பதிவியல் புதுசு. தமிழ் மீடியத்தில் காமர்ஸ் படித்தவர்களுக்கோ பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. பேரேடு என்று படித்தது லெட்ஜர், குறிப்பேடு ஜர்னல், இருப்பாய்வு ட்ரையல் பேலன்ஸ். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஆங்கிலத்தில் சொல்வதைத்தான் நாம் ஏற்கெனவே நன்றாகப் போட்டிருக்கிறோம் என்பது புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் பயந்து ஒதுங்கி அரியர் வைப்பது வீண். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதி வையுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், மலையாளச் சொல். ஒப்பந்தச் சட்டத்தில் வரும் கன்சிடரேஷன் (ஒரு வாக்குறுதிக்கு ஈடாகக் கொடுப்பது) தமிழில் மறுபயன், மலையாளப் பத்திரத்தில் பிரதிபலம்.

மலையாளத்தை எதற்கு இழுக்கிறேன் என்றால், இந்த ஊர் வக்கீலுக்கு அது சோறு போடும். இங்கே பட்டா மாறுதல் என்பது அங்கே போக்குவரவு. முதல் முறை ஒரு கேரளப் பத்திரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, இது பாதைத் தகராறு போல என்று குறிப்பு எழுதிக் கொடுத்தவன் நான். பேசத் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கவாவது வர வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, காமர்ஸ் பேப்பரைத் தனியாகவும் சட்டப் பேப்பரைத் தனியாகவும் படிப்பது. முதல் மூன்று வருடத்து அக்கவுன்ட்ஸை எப்படியாவது தாண்டிவிட்டால் போதும் என்று மதுரைப் பக்கம் விற்கும் கைடை மனப்பாடம் செய்து எழுதி, மறந்துவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பதன் பலன் கோர்ட்டில்தான் தெரியும்.

நான் ஜூனியராக இருந்தபோது போடிப் பக்கத்து வியாபாரி ஒருவர் வந்தார். கடனுக்குக் கொடுத்த ஏலக்காய்க்குப் பாக்கி வரவில்லை. அவர் கையில் இருந்தது சிவப்புத் துணி பைண்டு போட்ட ஒரு பேரேடும் ஒரு ரொக்கப் புத்தகமும். "எல்லாம் எழுதியிருக்கு தம்பி, இது பத்தாதா?" என்றார். சீனியர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "நீ பி.காம்.தானே, பாரு."

பேரேட்டில் பாக்கித் தொகை சுத்தமாக இருந்தது. ரொக்கப் புத்தகத்தைக் கூட்டிக்கொண்டே வந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை இடித்தது. கையில் பதினெட்டாயிரம் இருந்த அன்று இருபத்தைந்தாயிரம் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. ரொக்கப் புத்தகம் எந்த நாளும் மைனஸில் போகாது. இல்லாத பணத்தை எப்படி எடுத்துக் கொடுக்க முடியும்? பிற்பாடு உட்கார்ந்து எழுதிய புத்தகம் என்று எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். பிளஸ் ஒன் பாடம்தான் அது. சட்டப் பாடம் அதற்கு மேலே. முறையாகப் பராமரித்த கணக்குப் புத்தகத்தின் பதிவு சாட்சியமாக ஏற்கப்படும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது. அப்போது அது சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 28ஆம் பிரிவு. எடைச் சீட்டு, இன்வாய்ஸ், வங்கி ஸ்டேட்மென்ட் என்று தேடிச் சேர்த்தபிறகுதான் வழக்குப் போட்டோம்.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின் ஏலம் கேரளப் பக்கம் புற்றடியில், தமிழ்நாட்டுப் பக்கம் போடியில் நடக்கிறது. வண்டன்மேட்டிலிருந்து ஒரு மூட்டை கம்பம்மெட்டு தாண்டிப் போடிக்கு வந்து விற்றால் மாநிலம் தாண்டிய விற்பனைக்கான வரி, ஐஜிஎஸ்டி. போடியிலிருந்து கம்பத்துக்கு விற்றால் ஒரே மாநிலத்துக்குள் என்பதால் மத்திய, மாநில வரிகளான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். பணம் வரவில்லை என்றால் வழக்கு உத்தமபாளையத்திலா கட்டப்பனையிலா? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும்: பிரதிவாதி எங்கே வசிக்கிறார் அல்லது தொழில் செய்கிறார், வழக்குக்குக் காரணமான நிகழ்வு (வழக்கு மூலம்) முழுசாகவோ கொஞ்சமாகவோ எங்கே எழுந்தது. கொடுத்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு. வங்கி தகவல் கொடுத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்து 15 நாள் அவகாசம், அதற்குள் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். ஒரே மூட்டையில் அக்கவுன்ட்ஸ், வரி, ஒப்பந்தம், நடைமுறைச் சட்டம் எல்லாம் இருக்கிறது. விடுமுறையில் மாமா கடையில் பில் போட உட்கார்ந்தாலே பாதிப் பாடம் விளங்கும்.

சி.ஏ.வையும் கூடவே முடித்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். அதற்கு ஆடிட்டரிடம் செய்ய வேண்டிய பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு வருடம், முழு நேரம். சட்டக் கல்லூரியிலோ பார் கவுன்சில் விதிப்படி 70 சதவீத வருகை வேண்டும், ஐந்து வருடத்தில் 20 வாரமாவது இன்டர்ன்ஷிப் வேண்டும். நாளுக்கு இருபத்தி நாலு மணி நேரம்தானே? ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் சொன்னதைக் காட்டுவார்கள். சட்டப் படிப்புக்குப் பார் கவுன்சில் விதி வேறு. பல்கலைக்கழகத் தொலைதூரப் படிப்பு மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. சி.ஏ. வேண்டுமென்றால் பட்டம் வாங்கியபிறகு போவது நல்லது.

சீனியர் கொடுத்தார் என்று பழைய நோட்ஸ் வாங்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதுசு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. படிப்பு முடிந்ததும் நேராக ஜட்ஜ் பரீட்சை என்ற கனவுக்கும் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் தொழில் வேண்டும். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்தில் மட்டும் ஒரு நிம்மதி. உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்புக்கப்புறம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்சி, எஸ்டிக்கு 125 ரூபாய். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. போன மே மாதம் வந்த ஏலக்காய்க் கடைக்காரருக்கு மகனைப் பற்றி முழுத் திட்டமும் தயாராக இருந்தது. காலையில் கோர்ட், சாயங்காலம் கடை, வாரத்தில் ஒரு நாள் ஏலம். நான் விதியைச் சொன்னேன். பதிவு செய்த வக்கீல் நேரடியாக வியாபாரம் செய்யக் கூடாது. முழுநேரச் சம்பள வேலையும் கூடாது. கூட்டு நிறுவனத்தில் பணம் மட்டும் போட்டு ஒதுங்கியிருக்கும் பங்குதாரராக இருக்கலாம். அப்பா விட்டுப்போன கடை என்றால் பங்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் நிர்வாகத்தில் கை வைக்கக் கூடாது.

"அப்ப ஏலத்துக்கு யாரு போறது?"

பையன் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, "சின்னவ பதினொன்னு போறா, காமர்ஸ்தான் எடுக்கப் போறாளாம்" என்றார்.