பழைய வீடு வாங்கித் திருத்தப் போகிறீர்களா?

திருகோணமலையில் பழைய வீடு வாங்கித் திருத்தி வாடகைக்கு விட நினைப்பவர்கள், மேசனைத் தேடுமுன் ஒரு சுத்தியலோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். கொங்கிறீட் சிலாப்பின் அடிப்பக்கத்தைத் தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிச் சீமெந்தைத் தள்ளுகிறது. உப்புக்காற்று ஊர் அல்லவா! உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இதைப் பார்க்காமல் போடும் எஸ்டிமேட் நிற்காது. பெயின்ட் கணக்கோடு மட்டும் போய், கடைசியில் சிலாப்பையே உடைத்துக் கட்டிய ஆள் நான்.

ஆளை விசாரிக்க நல்ல இடம் ஹாட்வெயார் கடை. எந்த மேசன் கடன் வைக்காமல் சாமான் எடுக்கிறார் என்று முதலாளிக்குத் தெரியும். மூன்று பேரிடம் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்து, கூலி வேறு சாமான் வேறாக விலை கேளுங்கள். மணலுக்கு ‘ஒரு லோட்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது ட்ரக்டருக்கு ட்ரக்டர் மாறும். கியூப் கணக்கில், அதாவது 100 கன அடிக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். வரும் தொகையோடு, எதிர்பாராத செலவுக்கென்று 15 வீதமாவது கூட்டி வையுங்கள்.

காசை வேலை முடிய முடியக் கொடுங்கள். அப்புறம், கூரை வேலையை ஒக்டோபருக்கு முன்பே முடித்துவிடுங்கள். மாரி தொடங்கிவிட்டால் ஓடு கழற்ற ஒருவரும் வரமாட்டார்.