டென்னிஸ் வீரர் கோச் ஆகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இத்தனை வருடம் டூரில் (உலகத் தொழில்முறைப் போட்டிகளில்) ஆடியவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா என்ன?" என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. தெரியாமல் போக நிறையவே வாய்ப்பு இருக்கிறது. டேரன் காஹில் ஒற்றையர் தரவரிசையில் எட்டிய அதிகபட்ச இடம் 22. மரியான் வைடாவுக்கு 34. காஹிலிடம் பயிற்சி பெற்ற லெய்டன் ஹியூவிட்டும் சிமோனா ஹாலெப்பும் உலகின் முதலிடத்துக்கு வந்தார்கள். ஜோகோவிச்சின் பெரும்பாலான பட்டங்களின்போது அவருடன் இருந்தவர் வைடா. மறுபக்கம் ஜிம்மி கானர்ஸைப் பாருங்கள். எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றவர். 2013இல் மரியா ஷரபோவாவுக்குக் கோச்சாக வந்தார். சின்சினாட்டியில் ஒரே ஆட்டம், அதில் தோல்வி, அத்தோடு பிரிந்துவிட்டார்கள்.

பெரிய வீரர்கள் நல்ல கோச் ஆகவே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒருகாலத்தில் முதலிடத்தில் இருந்த லெண்டிலும் பெக்கரும் ஃபெரேரோவும் ஆகிக் காட்டியிருக்கிறார்கள். சறுக்குகிறவர்கள் சறுக்கும் இடம் வேறு. தாங்கள் ஆடிய ஆட்டத்தையே பாடத்திட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஃபோர்ஹேண்டையே எடுத்துக்கொள்வோம். டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழன்று சட்டென்று கீழிறங்குவது) எப்படி வருகிறது என்று பழைய வீரர் ஒருவரிடம் கேட்டால், "பந்து படும்போது மணிக்கட்டை அப்படியே மேலே சுருட்டணும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அவருடைய அடியையே அதிவேகக் கேமராவில் ஓட்டிப் பார்த்தால், ரேக்கெட் புரள்வது பந்து போன பிறகுதான் என்று தெரியும். பந்து ஸ்ட்ரிங்கில் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய 5 மில்லி விநாடி. அதற்குள் யாராலும் எதையும் நினைத்துச் செய்ய முடியாது. டாப்ஸ்பின் வருவது ரேக்கெட் தாழ்விலிருந்து மேல் நோக்கி ஏறும் பாதையால். அவர் சொன்னதை அப்படியே நம்பிச் செய்யும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, பந்து ஒருமுறை வலையிலும் மறுமுறை வேலியிலும் போய் விழும். சில மாதங்களில் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கலாம்.

சிறு வயதிலேயே கைக்குப் பழகிப்போன ஒன்றை வாயால் சொல்வது கடினம். அதனால் "எனக்கு எப்படித் தோன்றியது" என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, எதிரே நிற்கும் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் வீடியோ எடுங்கள், பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும். சொல்லும்போது கையைப் பற்றிப் பேசாமல் பந்தைப் பற்றிப் பேசுங்கள். "வலைக்கு மேலே ஒரு ரேக்கெட் நீளம் உயரத்தில் போகட்டும், சர்வீஸ் கோட்டைத் தாண்டி விழட்டும்" என்றால் பெரும்பாலான பிள்ளைகளின் கை தானாகவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். உடலசைவைவிட அதன் விளைவின் மீது கவனம் இருக்கும்போது நன்றாகக் கற்கிறோம் என்பது விளையாட்டு அறிவியலில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஒன்று.

அப்படியானால் ஆடிய அனுபவத்துக்கு என்னதான் பயன்? பிராட் கில்பர்ட்டிடம் பதில் இருக்கிறது. அவரும் உலகின் 4ஆம் இடம் வரை போனவர். ஆனால் பார்க்க அழகான ஆட்டமல்ல அவருடையது. எதிராளிக்குப் பிடிக்காத பந்தையே திரும்பத் திரும்பக் கொடுத்து ஜெயித்தவர். 1994இல் அகாசியுடன் சேர்ந்தபோது, தன்னைவிடப் பல மடங்கு நன்றாகப் பந்தடிக்கும் ஒருவரின் ஃபோர்ஹேண்டைத் திருத்த அவர் போகவில்லை. ஒவ்வொரு பந்திலும் எதிராளி தொட முடியாத வின்னர் தேடாதே, எதிராளி தவறு செய்ய இடம் கொடு என்பதே அவர் கொண்டுவந்த பாடம். அதே ஆண்டு, முன்னணி வீரர்களுக்குத் தரப்படும் தரவரிசைச் சலுகை (சீட்) ஏதுமில்லாமல் இறங்கி அமெரிக்க ஓபனை வென்றார் அகாசி. 1997 நவம்பரில் 141ஆம் இடத்துக்குச் சரிந்தபோது சாலஞ்சர் எனும் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடி மீண்டு வந்தார், 1999இல் பிரெஞ்சு ஓபனும் கிடைத்தது. கில்பர்ட் தன் அடிகளைக் கற்றுக்கொடுக்கவில்லை. எதிராளியைப் படிக்கத் தெரிந்த தன் கண்ணைக் கடன் கொடுத்தார்.

"எங்கள் காலத்தில்" என்று தொடங்குவது அடுத்த தவறு. குஸ்தாவோ குயெர்டன் 1997இல் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்குடன் பிரெஞ்சு ஓபனை வென்றபின் அது டூர் முழுக்கப் பரவியது. முழு வேகத்தில் அடித்தாலும் அந்த ஸ்ட்ரிங் தந்த டாப்ஸ்பின் பந்தைக் கோர்ட்டுக்குள் இழுத்துப் போட்டது. 2001இல் விம்பிள்டன் புல் வகை மாறியது, பந்து முன்பைவிட நிதானமாக எழும்பத் தொடங்கியது. சர்வ் போட்டுவிட்டு நேராக வலைக்கு ஓடிய தலைமுறையின் கணக்குகள் இன்று அப்படியே செல்லாது. அதற்காக அந்தத் திறமை வீண் என்று நினைக்கவும் கூடாது. 2014, 2015இல் அந்த வலை ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற எட்பர்க் கோச்சாக உடனிருந்தபோது ஃபெடரர் முன்பைவிட அடிக்கடி வலைக்கு வந்தார். ஆனால் ஃபெடரர் கையில் அதற்கான வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) ஏற்கெனவே இருந்தது. கோர்ட்டின் பின்கோட்டுக்கு ஆறடி பின்னால் நின்று ஆடிப் பழகிய பையனிடம் இதையே திணித்தால் அவனிடம் இருக்கும் ஆட்டமும் போய்விடும்.

சின்னப் பிள்ளைகளிடம் இந்தத் தவறு இன்னும் மோசம். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்து கூடாது என்பது 2012 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி. அவர்களில் மிகச் சிறியவர்களுக்கான சிவப்புப் பந்து சுமார் 75 சதவீதம் மெதுவானது. அதற்கான கோர்ட்டின் நீளம் 11 மீட்டர்தான், முழுக் கோர்ட்டுக்கு 23.77. "நான் ஆறு வயதிலேயே பெரிய கோர்ட்டில் ஆடினேன்" என்று இதை ஒதுக்கும் கோச்சிடம் கற்கும் பிள்ளை, தலைக்கு மேல் எழும்பும் பந்தைத் துரத்தித் துரத்திக் கிரிப்பைக் கெடுத்துக்கொள்கிறது.

மாணவரோடு ஆடி ஜெயித்துக் காட்டுவதையும் விட்டுவிடுங்கள். அதனால் உங்களுக்குத்தான் உடற்பயிற்சி.

அடுத்து, பேச்சு. ஆடவர் டூரில் ஆட்டத்தின் நடுவே கோச் வாய் திறக்கவே கூடாது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 2022 ஜூலையில் அந்த டூரை நடத்தும் ஏடிபி சோதனை முறையில் அனுமதித்தது. 2025 ஜனவரி முதல் விதிப் புத்தகத்திலேயே சேர்ந்துவிட்டது. இப்போது கேலரியில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளிக்கும் அறிவுரை சொல்கிறார்கள் பலர். இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருப்பது 25 விநாடி. மூச்சு வாங்கி, வியர்வை துடைத்து, அடுத்த சர்வை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் நேரம் அது. "ரிட்டர்னுக்கு ஒரு அடி பின்னால் நில்" என்றால் செய்வார். அதோடு தோள், கால், மனநிலை என்று அடுக்கினால் ஒன்றும் ஏறாது. சொல்லாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும். முன்னாள் வீரர்களுக்கு அது கூடுதலாகவே வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குப் பந்தைப் பார்த்தவுடன் பதில் தெரிந்துவிடுகிறது.

தோல்வி நாளில் கோச்சின் முகமும் பேசும். லெண்டில் தன் முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் தோற்றவர். ஆண்டி முர்ரேயும் அப்படியே. 2012இல் இருவரும் சேர்ந்தபின் முர்ரே எத்தனை முறை கத்தினாலும் கேலரியில் லெண்டில் முகம் அசையாது. அந்த ஆண்டே ஒலிம்பிக் தங்கமும் அமெரிக்க ஓபனும், மறு ஆண்டு விம்பிள்டனும் வந்தன. மாணவரின் ஒவ்வொரு டபுள் ஃபால்ட்டுக்கும் தலையில் கை வைக்கும் கோச், தன் பழைய ஆட்டத்தைத்தான் அங்கே மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒன்று. டென்னிஸில் சம்பளம் கொடுப்பவர் வீரர், வாங்குபவர் கோச். கால்பந்து போல வீரரை வெளியே உட்கார வைக்கும் அதிகாரம் இங்கே இல்லை. அதனால் ஆடியபோது யாருக்கும் தலை வணங்காதவர்கள்கூட, கோச் ஆனதும் வீரருக்கு இனிக்கும்படி பேசத் தொடங்கிவிடுகிறார்கள். 2017 மார்ச்சில் மியாமியில் ஹாலெப் தோற்ற ஆட்டத்தில், கோர்ட்டுக்குள் இறங்கிப் பேசிய காஹிலுக்கு அவர் தன்னைத் தானே கைவிட்டிருந்ததே கண்ணில் பட்டது. அதன்பின் காஹில் விலகினார். தன் நடத்தையால்தான் போனார் என்று ஹாலெப்பே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார், அதை மாற்ற உழைத்தார். சில வாரங்களில் காஹில் திரும்பினார். அக்டோபரில் முதலிடம், 2018இல் பிரெஞ்சு ஓபன்.

எல்லோருக்கும் காஹிலின் பெயர் கிடையாது, வேலையை விட்டுவிட்டு நிற்பது எளிதல்ல என்பதும் உண்மை. அதனால்தான் சேரும் நாளிலேயே பேசிவிட வேண்டியவை சில உண்டு. எந்தப் போட்டிக்குப் போவது என்று முடிவெடுப்பது யார்? காயம் என்றால் யார் சொல்வது கடைசி வார்த்தை? தோற்ற ஆட்டத்தைப் பற்றி அன்றிரவே பேசுவதா, மறுநாளா? பிரிவதென்றால் எத்தனை வாரம் முன்னால் சொல்வது? இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டவருக்கு, ஒரு மோசமான ஆட்டத்துக்குப் பின் உள்ளதை உள்ளபடி சொல்ல நாக்கு கூசாது.